அரை நாள் வனப் பயணம்

விலங்குகளைக் காட்டில் பார்க்க வேண்டும் என்றதும் நம்மில் பலருக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியும் சிங்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. உள்நாட்டில் என்றால் பகாங்கில் உள்ள தாமான் நெகாராவைச் சொல்வார்கள். அங்குப் போய்வரச் சில நாள் விடுப்பு வேண்டும்; பணமும் வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. ஜார்ஜ்டவுனில் வாழும் மாணவர்களுக்கு அரை நாளே போதும் என்பது என் கருத்து.

ஜெட்டியில் 101ஆம் எண் பேருந்தில் ஏறி, தெலுக் பகாங்கில் இறங்கினால் பினாங்குத் தேசியப் பூங்கா அருகிலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு, கடற்பகுதியையும் சேர்த்து, ஏறக்குறைய 2,500 ஹெக்டர்தான். தாமான் நெகாராவோ 4,343 சதுர கிலோமீட்டர். நேரம் குறைவாக உள்ளவர்களுக்குச் சிறிய காடே வசதி.

ஆனால், சிறிய இடம்தானே என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பது தவறு. நானும் அந்தத் தவற்றைச் செய்தவள்தான். முதன்முறை என் பிள்ளைகளுடன் போனபோது, குரங்குக் கடற்கரை, மூக்கா முனைக் கலங்கரை விளக்கம், கெராச்சுட் கடற்கரை என மூன்றையும் பட்டியலிட்டிருந்தேன். வேர்கள் பின்னிய பாதையில் வேகவேகமாக நடந்தோம், சத்தமாகப் பேசினோம். வியர்வையைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை!

மறுமுறை கெராச்சுட் பாதையை மட்டும் தேர்ந்தெடுத்தோம். போக ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவழியில் ஒரு மரத்தடியில் இருபது நிமிடம் பேசாமல் அமர்ந்தோம். மேலே இலைகள் அசைந்தன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட, கண்ணாடி அணிந்தாற்போன்ற லோத்தோங் குரங்குகள்! கரும்சாம்பல் நிறத் தாயின் மார்பில் ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வினத்தின் குட்டிகள் பிறக்கும்போது அந்த நிறத்தில்தான் இருக்கும். சில மாதங்களில் மாறிவிடும். புத்தகத்தில் நான் எத்தனையோ முறை படித்த செய்திதான். என் இளைய மகன் அன்றுதான் அதை நம்பினான்.

அங்கே புலி இல்லை, யானை இல்லை என்று சிலர் குறைகூறலாம். உண்மைதான். உடும்பும் கடற்கழுகும் உண்டு. கெராச்சுட்டில், மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் கலவாமல் நிற்கும் ஏரி உண்டு. வறண்ட மாதங்களில் போனால் வெறும் சேற்றைத்தான் காண்பீர்கள். அருகில் ஆமைப் பாதுகாப்பு மையமும் இருக்கிறது. பச்சை ஆமைகள் இரவில்தான் கரையேறி முட்டையிடும். ஆகவே, பகலில் போகிறவர்கள் தாய் ஆமையை எதிர்பார்க்க வேண்டாம்.

என்னை வருத்துவது வேறொன்று. நீண்டவால் குரங்குகளுக்கு ரொட்டியும் கச்சானும் நீட்டிப் படம் எடுக்கிறார்கள். உணவு கொடுத்துப் பழக்கிய குரங்கு, கொடுக்காதவரின் பையைப் பறிக்கிறது. பிறகு, ‘முரட்டுக் குரங்கு’ என்று நாமே புகார் செய்கிறோம். அதற்குக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் யார்?

போகிறவர்கள் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். நுழைவாயில் அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள். தண்ணீர் அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும். திரும்பி நடக்கக் கால் மறுத்தால் கெராச்சுட்டிலிருந்து படகிலும் வரலாம். நாங்கள் அப்படித்தான் வந்தோம்.