பச்சைச் சுவருக்கு எந்த மரம்?



தெருவில் போவோர் பார்வை வீட்டுக்குள் படாதிருக்க, வேலியோரம் மரம் நடுகிறோம். இலை உதிர்க்கும் மரம் சில மாதங்கள் மொட்டையாக நிற்கும். எனவே, எப்போதும் பசுமையான மரமே இதற்கு ஏற்றது.

சீக்கிரம் வளர்கிறதே என்று பலரும் கோனோகார்பஸ் நட்டனர். அதன் வேர்கள் குடிநீர்க் குழாய்களைச் சேதப்படுத்துகின்றன. மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்ற புகாரும் எழுந்தது. குஜராத் 2023லும், தமிழகம் 2025லும் அதை நடத் தடை விதித்தன.

பலர் அசோக மரம் என்று தவறாகச் சொல்லும் நெட்டிலிங்கம், நம் நாட்டு மரம். நெடுநெடுவென வளரும். வரிசையாக நட்டால் பச்சைச் சுவர்தான்! பழமோ வௌவாலுக்கும் குயிலுக்கும் விருந்து.

வீட்டில் கன்று வாங்கும்போது, 'சீக்கிரம் வளருமா?' என்பதோடு, 'வேர் எங்கே போகும்? பறவைக்கு என்ன தரும்?' என்றும் கேளுங்கள், சரியா?