உழைச்செல்வானைக் கேட்டீரோ?

'நர்சிங் ஹோம்' என்றால் நம்மூரில் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவிலோ அது தளர்ந்த முதியோர் ஆண்டுக்கணக்கில் தங்கி வாழும் இல்லம். அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் அத்தகைய இல்லங்களில், முதல் 90 நாள்கள் வரை 30 நாளுக்கு ஒருமுறையும், பின்னர் 60 நாளுக்கு ஒருமுறையுமாவது மருத்துவர் முதியவரை நேரில் காண வேண்டும் என்பது அந்நாட்டு விதி. விதி நன்றே. ஆனால் காண்பது என்றால் என்ன என்பதே நம் ஐயம்.

மாணவரோடு நாம் சென்றுவரும் முதியோர் இல்லமொன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நம் உச்சரிப்பைத் திருத்தாமல் விடமாட்டார். சென்ற ஆண்டு ஒருநாள் தலை கவிழ்ந்து, வாயோரம் எச்சில் வழிய அமர்ந்திருந்தார். முதுமை என்றார் மேலாளர். மாதந்தோறும் வரும் மருத்துவர் ஏட்டைப் புரட்டிக் கையொப்பமிட்டுப் போயிருந்தார். "மாத்திரையைக் கூட்டுனதுலேருந்துதான் சார் இப்படி" என்றார் அவரைக் குளிப்பாட்டும் அம்மையார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பின்னர் வந்த இளம் மருத்துவர் கேட்டார். பதினொரு மாத்திரைகளையும் மேசைமேல் பரப்பி, எது எதற்கு என்று அரைமணி நேரம் வினவினார். ஒவ்வாமைக்கெனத் தொடங்கி நிறுத்த மறந்த மாத்திரையை நீக்கினார். உறக்க மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். ஆசிரியர் எழுந்து நடந்துவிடவில்லை. ஆனால் நம்மைப் பெயர் சொல்லி அழைத்தார்.

இது புதுமையன்று. முதியோர்க்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியலை மார்க் பியர்ஸ் குழுவினர் 1991இல் முதன்முதலாக வகுத்ததே நர்சிங் ஹோம்வாசிகளுக்காகத்தான். மறதிநோயுற்ற முதியோர்க்குச் சில மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. அமைதியாகக் கிடக்கும் முதியவர் இல்லத்துக்கு வசதி. அவ்வசதிக்கு மருத்துவர் கையொப்பமிடலாகாது.

குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நாற்கூறாக்கும்போது, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு உடனிருந்து பேணும் உழைச்செல்வானையும் ஒரு கூறாக வைக்கிறது. வகுப்பில் இதற்குப் பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம் (நாமும் அப்படித்தான் கடந்தோம்).

மருத்துவருக்கு நேரமில்லை, ஊதியமும் சொற்பம் என்பர், உண்மையே. ஆயினும் நாம் வேண்டுவது சிறிது: இல்லத்துள் நுழைந்ததும் ஏட்டைத் திறக்குமுன் பணிப்பெண்ணை அழைத்துக் கேளுங்கள். நிறுத்திய மருந்துக்கும் அவ்வேட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். நாம் பார்த்த ஏட்டில் அப்படியொரு பத்தி இல்லை.