1390-வது ஆள்

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

1988-ம் வருடம். அமெரிக்க பேஸ்பால் அணிகள் புது ஆட்களைப் பொறுக்கி எடுக்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். முதல் சுற்றில் ஆளுக்கொருவர். பிறகு இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. அந்தக் காலத்தில் சுற்றுக்கு வரம்பே கிடையாது. போதும் என்று தோன்றும்வரை எடுத்துக்கொண்டே போகலாம். போனார்கள். 62-வது சுற்றில், 1390-வது ஆளாக, லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணி ஒரு பத்தொன்பது வயதுப் பையனை எடுத்தது. பெயர் மைக் பியாஸா.

1389 பேருக்குப் பிறகு வந்த ஆள். அவர் என்ன செய்தார் தெரியுமா? 1993-ல் ஒருமனதாகச் சிறந்த புதுமுகம். பன்னிரண்டு முறை ஆல் ஸ்டார். 1998-ல் நியூயார்க் மெட்ஸ் அணியோடு ஏழு வருடத்துக்கு 91 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அன்றைக்கு பேஸ்பாலில் அதுதான் மிகப் பெரிய தொகை. மொத்தம் 427 ஹோம் ரன். அதில் 396 கேட்சராக ஆடியபோது அடித்தது. இன்றுவரை வேறெந்த கேட்சரும் அந்த எண்ணைத் தொடவில்லை. 2016-ல் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். அன்று மேடையில் பக்கத்தில் இருந்தவர் கென் கிரிஃபி ஜூனியர். 1987 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். முதல் ஆளும் 1390-வது ஆளும் ஒரே மேடையில்!

சொல்லும்போதே புல்லரிக்கிறது இல்லையா? எனக்கும்தான். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் கையில் கிடைத்தால் இதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அரங்கத்தை அழவைப்பார். 'உழைத்தால் போதும், எந்தக் கதவும் திறக்கும்' என்று முடிப்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். இது பாதிக் கதை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் அதற்குப் பெயர் ஊக்கம் அல்ல, மோசடி.

பியாஸாவின் அப்பா கார் விற்பனையில் நன்றாகச் சம்பாதித்தவர். வீட்டுப் பின்புறத்திலேயே பையன் அடித்துப் பழக வலைக்கூண்டு போட்டுக் கொடுத்தார். பையனுக்குப் பதினாறு வயதானபோது அந்தக் கூண்டுக்கே வந்து அவன் அடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர் டெட் வில்லியம்ஸ். நம் தெருவில் ஒரு பையன் மொட்டைமாடியில் மட்டை சுற்றுவதை கவாஸ்கர் வந்து பார்த்தால் எப்படியோ, அப்படி. அதுமட்டுமல்ல. டாட்ஜர்ஸ் அணியின் அன்றைய மேனேஜர் டாமி லசோர்டா, பியாஸா அப்பாவின் பால்ய சிநேகிதர். இருவருக்கும் பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற ஒரே ஊர். அந்த 1390-வது இடம் சிநேகிதருக்காகச் செய்த உபகாரம். இதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. பேஸ்பால் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மேடையில்தான் தெரியாது.

இன்னொன்று. பையன் அதுவரை ஆடியது ஃபர்ஸ்ட் பேஸில். அந்த இடத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கேட்சராக மாறிக்கொள் என்று யோசனை சொன்னவர் லசோர்டா. ஏன் கேட்சர்? அந்த இடத்துக்குத்தான் போட்டி குறைவு. ஏன் குறைவு? அங்கே உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

கேட்சர் என்றால் நம்ம ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீப்பருக்கு இருக்கிற சௌகரியம் கிடையாது. வேகப்பந்துக்குப் பத்திருபது அடி தள்ளி நிற்கிற கதையே இல்லை. மட்டை சுற்றுபவனுக்கு நேர் பின்னால் குந்தி உட்கார வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டரில் பந்து வரும். மட்டையின் நுனியில் உரசினால் எங்கே திரும்பும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. முகமூடியில் அடிக்கும், தோளில் அடிக்கும், கவசம் இல்லாத இடமாகப் பார்த்து அடிக்கும். ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 140, 150 பந்து. ஒவ்வொன்றுக்கும் குந்தி, எழுந்து, திருப்பி எறிந்து, மறுபடி குந்த வேண்டும். நடுவில் எவனாவது செகண்ட் பேஸுக்கு ஓடினால் இரண்டு விநாடிக்குள் எழுந்து, 39 மீட்டர் தூரம் குறி தவறாமல் எறிய வேண்டும். அடுத்து என்ன பந்து போடலாம் என்று பிட்சருக்குச் சொல்வதும் இவர் வேலைதான். ஆடுகளத்தில் மொத்த ஆட்டமும் கண் முன்னால் தெரியும்படி உட்கார்ந்திருப்பவர் இவர் ஒருவர். ஆனால் பார்வையாளருக்கு இவர் முகம் தெரியாது. முகமூடி.

கேட்சரின் கவசங்களுக்கு பேஸ்பாலில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'அறியாமையின் கருவிகள்.' மூளை இருக்கிறவன் இதைப் போட்டுக்கொள்வானா என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தவர் மடி ரூயல் என்பார்கள். அவரும் கேட்சர்தான். சட்டம் படித்த கேட்சர்.

இந்தத் தொழிலின் விலை என்ன? 2011-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் பஸ்டர் போஸி மேல் ஓடிவந்த ஆட்டக்காரர் மோதினார். கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார் கிழிந்து, அந்த சீசனே போயிற்று. அதுவரை கேட்சர் மேல் மோதுவது ஆட்டத்தின் வீரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நட்சத்திரத்தின் கால் முறிந்த பிறகுதான், அதுவும் மூன்று வருடம் கழித்து, 2014-ல் அதைக் கட்டுப்படுத்த விதி வந்தது. மினசோட்டாவின் ஜோ மாவர், 2001 டிராஃப்டில் முதல் ஆள். 2013 ஆகஸ்டில் முகமூடியில் பந்து பட்டு மூளை அதிர்ச்சி. அடுத்த வருடம் முதல் ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாறினார். 2018-ல் தன் கடைசி ஆட்டத்தின் கடைசியில் கவசங்களை மாட்டிக்கொண்டு வந்து ஒரே ஒரு பந்துக்கு மட்டும் கேட்சராக உட்கார்ந்தார். அரங்கம் எழுந்து நின்றது. அத்தனை ஆசை அந்த வேலை மேல். உடம்புதான் அனுமதிக்கவில்லை.

இவர்களெல்லாம் கோடிகளில் சம்பாதித்தவர்கள். பரிதாபப்பட வேண்டாம். நான் கவலைப்படுவது பெயர் தெரியாதவர்களைப் பற்றி.

ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே மைனர் லீக் என்று படிப்படியாக அணிகள் உண்டு. அங்கே பிட்சர்கள் ஏராளம். அவர்கள் வீசிப் பழக எதிரே குந்தி உட்கார ஆள் வேண்டாமா? அதற்காகவே கேட்சர்களை எடுத்து வைத்துக்கொள்வார்கள். மேலே போகப் போவதில்லை என்று நிர்வாகத்துக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் நம்ப மாட்டான். அடுத்தவனுடைய கனவுக்குக் கையுறை பிடிப்பதே அவனுடைய உத்தியோகம்.

சம்பளம்? 2022 வரை கீழ்ப்படியான சிங்கிள் ஏ-யில் வருடத்துக்குச் சுமார் 11,000 டாலர். பெரிய லீகுக்கு ஒரே படி கீழே இருக்கும் டிரிபிள் ஏ-யில் 17,500. அமெரிக்காவில் இந்தப் பணத்தில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, மூட்டுக்குத் தைலமும் வாங்க முடியுமா என்று அங்கே இருக்கிற உங்கள் சொந்தக்காரரைக் கேட்டுப்பாருங்கள். சீசனுக்கு மட்டும்தான் சம்பளம். சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலத்துக்குக் கிடையாது. முதலாளிகள் சொன்ன காரணம் அபாரம். இது வேலையே அல்லவாம், குறுகிய காலப் பயிற்சியாம்!

2014-ல் ஆட்டக்காரர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். குறைந்தபட்சக் கூலியாவது கொடு என்றார்கள். அணி முதலாளிகள் என்ன செய்தார்கள்? கூலியை உயர்த்தவில்லை. சட்டத்தை மாற்றினார்கள். 2018-ல் இரண்டாயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட அரசாங்கச் செலவு மசோதா ஒன்றின் உள்ளே ஒரு சின்னப் பகுதியைச் செருகினார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தாலும் 40 மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி போதும், ஓவர்டைம் வேண்டாம், பயிற்சிக் காலத்துக்கு ஒன்றும் வேண்டாம். இதற்கு வைத்த பெயர் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்'. யாரிடமிருந்து காப்பாற்ற? குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவனிடமிருந்து!

அப்புறம் எது மாறியது? தன்னம்பிக்கையால் ஒன்றும் மாறவில்லை. வழக்கால் மாறியது, சங்கத்தால் மாறியது. 2022-ல் அந்த வழக்கில் 185 மில்லியன் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். அதே வருடம் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் யூனியனில் சேர்ந்தார்கள். 2023-ல் முதல் ஒப்பந்தம். 11,000 என்பது 26,200 ஆயிற்று. 17,500 என்பது 35,800 ஆயிற்று. அதே 2023-ல் ஒரு படி மேலே, பெரிய லீகில், மிகக் குறைந்த சம்பளம் எவ்வளவு? 7,20,000 டாலர். ஒரே ஒரு படிதான். இருபது மடங்கு.

நான் பி.காம். படித்தவன். லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை மறைக்கிற கணக்குப் புத்தகத்தை எங்கள் வாத்தியார் முகத்தில் விட்டெறிவார். வெற்றிக் கதைகள் எல்லாமே அப்படிப்பட்ட கணக்குப் புத்தகங்கள்தான். ஒரு பியாஸா வரவு. குந்திக் குந்தி மூட்டு தேய்ந்து, முப்பது வயதுக்குள் ஊர் திரும்பி, என் உழைப்பு பத்தவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொள்கிறவர்கள் செலவு. அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. இதில் யாருக்கு லாபம்? கனவையே சம்பளத்தில் பாதியாகக் கொடுக்கத் தெரிந்த முதலாளிக்கு.

'கேட்சர்கள் வீணாகப் போவதில்லை சார், பிற்பாடு மேனேஜர் ஆகிவிடுவார்கள்' என்று ஒரு பதில் சொல்வார்கள். உண்மைதான். ப்ரூஸ் போச்சி சாதாரண மாற்று கேட்சராக இருந்தவர். மேனேஜராக 2010, 2012, 2014, 2023 என்று நான்கு முறை உலகத் தொடரை ஜெயித்தார். சந்தோஷம். ஆனால் பெரிய அணிகள் மொத்தம் 30. மேனேஜர் நாற்காலியும் 30. மற்றவர்கள் எங்கே உட்காருவார்கள்? மறுபடி குந்தியா?

சரி, கதவே இல்லாத ஒருவரைப் பார்ப்போம்.

ஜாஷ் கிப்சன். 1911-ல் ஜார்ஜியாவில் பிறந்து பிட்ஸ்பர்கில் வளர்ந்தவர். கேட்சர். பெரிய லீகில் கறுப்பர்களுக்கு இடமில்லாத காலம். ஆகவே நீக்ரோ லீகில் ஆடினார். மெக்ஸிகோவுக்குப் போய் ஆடினார். பியாஸாவைவிடக் குறைவாக உழைத்தாரா? தன்னம்பிக்கை குறைவா? 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் செத்துப்போனார். மூன்றே மாதம் கழித்து, ஏப்ரல் 15-ல், ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் காலடி வைத்தார். அணி எது தெரியுமா? அன்றைக்கு ப்ரூக்ளினில் இருந்த அதே டாட்ஜர்ஸ். அடுத்த வருடம் அங்கே வந்த ராய் கேம்பனெல்லா, கறுப்பர், கேட்சர். 1951, 1953, 1955 என்று மூன்று முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். ஆக, திறமைக்கு ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை.

கிப்சனின் கல்லறையில் 1975 வரை பெயர்கூட இல்லை. 2020 டிசம்பரில்தான் நீக்ரோ லீகும் பெரிய லீக்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். 2024 மே மாதம் கணக்குகளைச் சேர்த்தெழுதியபோது பேட்டிங் சராசரியில் முதலிடம் கிப்சனுக்கு. .372. அதுவரை முதலிடத்தில் இருந்தவர் .367 எடுத்த டை காப். வரவேண்டியது வந்தது. ஆள் செத்து 77 வருடம் கழித்து.

பியாஸாவை நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சிபாரிசு உள்ளே விடும், ஹோம் ரன் அடித்துத் தராது. கேட்சர் வேலையைக் கற்றுக்கொள்ள டொமினிகன் குடியரசில் இருந்த பயிற்சி முகாமுக்குத் தானாகக் கேட்டுப் போய் உருண்டு புரண்டவர் அவர். 396 ஹோம் ரனும் அவர் வேர்வை. நான் சொல்வது, அந்த வேர்வைக்கு ஒரு கதவு திறந்திருந்தது என்பதை மட்டும்தான்.

இப்போது அந்தக் கதவு எப்படி இருக்கிறது? 1998-ல் டிராஃப்டை 50 சுற்றோடு நிறுத்தினார்கள். 2012-ல் 40. 2021 முதல் வெறும் 20. அதே வருடம் பெரிய அணிகளோடு இணைந்த மைனர் லீக் அணிகளை 160-லிருந்து 120 ஆக்கினார்கள். டிராஃப்டில் விடுபட்டவர் தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், மறுக்கவில்லை. ஆனால் 62-வது சுற்று என்று ஒன்று இன்றைக்கு இல்லவே இல்லை. 1390-வது ஆள் இனி கிடையாது. அவரது கதை மட்டும் இருக்கிறது.

அந்தக் கதையை உங்கள் பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். நல்ல கதை. சொல்லும்போது அப்பாவின் சிநேகிதரையும் சொல்லுங்கள். கிப்சனையும் சொல்லுங்கள். நாளைக்கு அவன் ஏதாவது ஒன்றில் தோற்று வந்து நின்றால், 'நீ இன்னும் உழைத்திருக்க வேண்டும்' என்று வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

கதவு திறந்திருந்ததா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.