ஹார்வர்டுக்குக் குடுத்தோம் சரி, வத்திராயிருப்புக்கு?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல தமிழ் இருக்கை வரணும்னு உலகத் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினாங்க. 2018-ல் இலக்கைத் தொட்டாச்சு. அதுல தமிழக அரசு குடுத்தது மட்டும் 10 கோடி ரூபாய். சந்தோஷம்தான். ஆனா அந்தப் பல்கலைக்கழகத்தோட கையிருப்பு நிதி அப்பவே 3,500 கோடி டாலருக்கு மேல. திருப்பதி உண்டியல்ல நாம கடன் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கு.

இப்ப நம்ம பக்கம் வாங்க. கோட்டையூர்ல ஒரு மனுஷர், ரோஜா முத்தையா. போர்டு எழுதுறவர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ்னு கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படி சேர்த்து வச்சார். 1992-ல் போய்ச் சேர்ந்தார். அதை வாங்கிக் காப்பாத்தினது யாரு? செட்டிநாட்டுக் கோடீஸ்வரரா? நம்ம பல்கலைக்கழகமா? சிகாகோ பல்கலைக்கழகம் சாமி! நல்லவேளை, புத்தகத்தைக் கப்பல்ல ஏத்தாம 1994-ல் சென்னையிலேயே நூலகமா வச்சாங்க. இன்னிக்கு அது லாபநோக்கில்லாத அறக்கட்டளை. தமிழ்ச் சமூகத்தைப் பத்தி ஆய்வு பண்றவங்க, எந்த நாட்டுக்காரரா இருந்தாலும், அந்தப் படியை மிதிக்காம போறது கஷ்டம்.

"இதெல்லாம் ஆராய்ஞ்சு என்னய்யா பிரயோஜனம்? சோறு போடுமா?" இந்தக் கேள்வியைக் கேக்கிற அதே ஆளுதான், கீழடின்னா காலரைத் தூக்கி விட்டுக்கிறார். 2025 ஜனவரியில சிந்துவெளி எழுத்தைப் படிச்சுச் சொன்னா 10 லட்சம் டாலர் பரிசுன்னு முதல்வர் அறிவிச்சப்ப வாட்சப்புல பரப்பினதும் அவர்தான். கூடவே ரோஜா முத்தையா நூலகத்துல ஐராவதம் மகாதேவன் பேர்ல ஆய்வு இருக்கைக்கு 2 கோடின்னும் அறிவிச்சாங்க. அது நல்ல காரியம். ஆனா பரிசு ஜெயிச்சவனுக்கு. ஜெயிக்கிற வரைக்கும், இல்ல தோத்துப் போனாலும், அவன் வீட்டு வாடகையை யார் குடுக்கிறது? அமெரிக்காவுல, வட கரோலினாவுல, தேசிய மானுடவியல் துறைகள் மையம்னு ஒண்ணு 1978-லிருந்து நடக்குது. அரசாங்க ஆபீஸ் இல்ல, தனி அறக்கட்டளை. வரலாறு, இலக்கியம் எழுதுறவங்களைக் கூப்பிட்டு, பணமும் குடுத்து, போய் உன் புத்தகத்தை எழுதுன்னு விட்டுடறாங்க. நம்ம ஊர்ல முனைவர் பட்டம் முடிச்சவன் கெஸ்ட் லெக்சரர் வேலைக்குப் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிறான்.

பணம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்துல 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிச்சாகணும். அந்தப் பட்டியல்ல ஆராய்ச்சின்னு போட்டிருக்கிற இடத்துல அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம்தான். வரலாறும் இலக்கியமும் ஆராய்ச்சியே இல்லைன்னு டெல்லியில யாரோ முடிவு பண்ணிட்டாங்க! ஆனா அதே பட்டியல்ல பாரம்பரியம், கலை, பொது நூலகம்னு இன்னொரு வரி இருக்கு. தாராளமா அந்தக் கணக்குல எழுதலாம். எழுத மனசு வரணும். ராஜபாளையத்துல மில்லுக்கா பஞ்சம்? ஆனா கோயில் டியூப்லைட்டுல வெளிச்சமே தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதுற ஊர்ல, ஆய்வாளனுக்குச் சம்பளம் குடுத்தா பேரை எங்க எழுதுறது? அதுதான் சிக்கல்.

இத்தனைக்கும் இதே ராஜபாளையத்துலதான் பி.எஸ். குமாரசாமி ராஜா இருந்தார். 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாண முதல்வர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்துட்டார். வீட்டையே!

எங்க மகாராஜபுரத்துப் பக்கம் வத்திராயிருப்பை ஒட்டி அர்ச்சுனாபுரம். நல்லதங்காள் பிள்ளைகளோட கிணத்துல விழுந்த கதைக்குச் சொந்த ஊரு. கோயிலும் இருக்கு. அந்தக் கதையைப் பாட்டாப் பாடத் தெரிஞ்ச கிழவிகள் ஒவ்வொருத்தரா போய்க்கிட்டு இருக்காங்க. தாணிப்பாறைக்குக் கார்ல போறவங்களுக்கு அந்தக் கிணறு கண்ணுல படறதில்ல. ஒரு ரூம், ஒரு ஸ்கேனர், ஒரு ரெக்கார்டர், ரெண்டு பேருக்கு மூணு வருஷச் சம்பளம். ஒரு மில்லோட தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் செலவுல முடியுற விஷயம்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரண்ல 'பெரிய எழுத்து' கதைப் புத்தகமோ, தாத்தா எழுதின கணக்கு நோட்டோ, ஓலைச்சுவடியோ இருந்தா போகிக்கு எரிச்சுடாதீங்க. பின்னூட்டத்துல சொல்லுங்க, நானே வந்து போட்டோ எடுத்துக்கறேன். பைக்குக்கு பெட்ரோல் என் செலவு.