மிக்சர் வாங்கினால் காது வந்துவிடுமா?

"இந்த வருஷம் புது டிஜிட்டல் மிக்சர் வாங்கியிருக்கிறோம், சவுண்ட் பிரமாதமாக இருக்கும்" என்று போன மார்கழியில் ஒரு சபா செயலாளர் மைக் பிடித்து அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. அதன் பிறகு கச்சேரி முழுக்க மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பி நெஞ்சில் இடித்தது. வயலின் காதைக் கீறியது. ஆலாபனை நடுவே தம்புரா விட்டுவிட்டுக் கேட்டது. தம்புரா சானலில் நாய்ஸ் கேட் போட்டிருந்தார்கள். ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கதவைச் சாத்திவிடும் வசதி அது. ராக் கச்சேரி டிரம்முக்குச் சரி. மீட்டிய தந்தி மெல்லத் தேய்ந்து அடுத்த தந்தியில் கலப்பதல்லவா தம்புராவின் நாதம்? அதையே வெட்டிவிட்டார்கள்!

விலை கூடின மிக்சர் வந்தால் ஒலி தானாகத் தேறிவிடும் என்ற மூடநம்பிக்கையை என்ன சொல்வது? மயிலாப்பூரில் பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் சின்ன சபாவுக்குப் போய்ப் பாருங்கள். எழுத்தெல்லாம் அழிந்துபோன 8 சானல் அனலாக் மிக்சர்தான். மைக்செட்காரர் மிருதங்கத்தை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்று கேட்பார். திரும்பி வந்து, தொப்பிப் பக்கத்து மைக்கை ஒரு சாண் தள்ளி வைப்பார். இடி அடங்கிவிடும். தொனியைத் திருத்தும் ஈக்யூ இல்லை, ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸர் இல்லை, ஒரு சாண்தான்!

2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்சரில் 32 மைக் செருகலாம். சானலுக்குச் சானல் கேட், கம்ப்ரஸர், ஈக்யூ உண்டு. நம் கச்சேரிக்கு ஏழெட்டு மைக் போதும். பாட்டு மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட ஆளில்லை. நேற்றைய லைட் மியூசிக்குக்குச் சேமித்த அமைப்புகளை, அதாவது 'சீனை', அப்படியே ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் மிஞ்சி உள்ளே நுழையும்போதே கிழிந்துவிட்ட குரலை எந்த ஈக்யூவும் தைக்காது. பள்ளிக்கூட ஹால்காரருக்கு இது தெரியும். லட்சங்களைக் கொட்டிய சபாவுக்குத் தெரியவில்லை.

தெரிந்த ஆபரேட்டர் வந்தாலும் அவரை எங்கே உட்கார வைக்கிறார்கள்? மேடை ஓரத்தில், தூணுக்குப் பின்னால், ஸ்பீக்கருக்கு முதுகுப்புறம். ஹாலில் என்ன கேட்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? வித்வான்களோ பல்லவி முடிவதற்குள் பத்து முறை தங்களுக்குக் கேட்க வைத்த மானிட்டர் ஸ்பீக்கரை ஏற்றச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். அந்த மானிட்டர் ஒலியே மைக்கில் புகுந்து ஊளையிடும்போது, அதே வித்வான் ஆபரேட்டரை முறைக்கிறார். சவுண்ட் செக்குக்கு வரச் சொன்னால் இவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள்?

வாங்கிய மிக்சரை இனி உருப்படியாகப் பயன்படுத்துங்கள். ஸ்பான்சர்களுக்கு ஒதுக்கிய நாற்காலிகளில் நாலை எடுத்துவிட்டு ஹாலின் நடுவில் மேஜை போடுங்கள். பழைய சீன்களை அழித்து, எல்லா ஈக்யூவையும் சமனாக்கி, கெயினிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கலைஞர்களை வரவழையுங்கள். பேனருக்குச் செலவழிக்கிற பணத்தில் பாதியையாவது ஆபரேட்டரின் சம்பளத்தில் சேருங்கள்.