பத்தியச் சோறும் பழிச்சொல்லும்

பிள்ளை பெற்றிருந்த இளம் ஆசிரியை ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். குழந்தைக்கு இரண்டு மாதம். தட்டில் அன்றும் பருப்புச் சோறும் பூண்டு ரசமுந்தான். முதல்நாள் ஆசைக்கு ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டாராம். இரவெல்லாம் குழந்தை அழுதிருக்கிறது. 'நாக்கை அடக்கத் தெரியவில்லை' என்றது வீடு. அவரும் அதை நம்பிவிட்டார் என்பதே என்னை உறுத்துகிறது.

பத்தியத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் பூண்டும் தளர்ந்த உடலைப் பரிவோடு தேற்றியவை. ஆனால் பத்தியம் காரத்தை விலக்கியதா? பிரசவ லேகியத்தில் சேரும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் காரமே. விலக்கப்படுவது மிளகாய். அதுவோ அமெரிக்க மண்ணில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே நம் அடுக்களைக்குள் நுழைந்தது. மிளகின் பெயரை ஒட்டியே அதற்குப் பெயரிட்டோம். சங்கப் பாடல்களில் 'கறி' என்றால் மிளகுதான். மிளகாயை அப்புலவர்கள் அறியார். 'தொன்றுதொட்டு வந்த விலக்கு' என்பதன் வயது இவ்வளவே.

தாய்ப்பால் இரைப்பையிலிருந்து ஊறுவதன்று. குருதியிலிருந்து சத்துகளைப் பெற்று மார்புச் சுரப்பிகள் ஆக்குவது. தாய் உண்டவற்றின் மணமும் சுவையும் அதில் சிறிது கலக்கும். அது தீங்கன்று. தாய் பூண்டு உண்டபின் குழந்தைகள் கூடுதல் நேரம் பால் குடித்ததை 1991இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. மிளகின் காரப்பொருள் பாலில் சிறிதளவு சேர்வதை 2021இல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் கண்டனர். அதுவும் நாவுக்குத் தெரியாத அளவே.

ஏதேனும் ஓர் உணவை உண்ணும்போதெல்லாம் குழந்தைக்குத் தடிப்போ, மலத்தில் குருதியோ தென்பட்டால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். மற்றபடி, பிறந்து ஆறு வாரமளவில் குழந்தைகளின் அழுகை உச்சத்தை எட்டுவது இயல்பு. அதற்கு ஊறுகாய்மீது வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை.

முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். உப்புச்சப்பற்ற சோற்றை வெறுத்து ஒதுக்குபவள் அதை எங்ஙனம் பெறுவாள்? தாயைத் தேற்றும் பத்தியம் தொடரட்டும். குழந்தை அழும்போதெல்லாம் அவளைக் குற்றவாளியாக்கும் பகுதியை மட்டும் நாம் கைவிடலாம். அடுத்தமுறை செல்லும்போது அந்த ஆசிரியைக்கு ஒரு புட்டி ஊறுகாய் கொண்டுபோக எண்ணியிருக்கிறேன். அவர் மாமியாரின் முன்னிலையிலேயே கொடுப்பேன்.