சும்மா நின்றுகொள்ளாதீர்கள்!

சகோதரிகளே, எங்கள் விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் ‘ராஜினாமா’ என்ற வார்த்தை அதிகம் புழங்காது. "நின்னுக்கிட்டேன்" என்பார்கள். தீபாவளி வரை பட்டாசு ஆலையில் வேலை. போனஸ் கைக்கு வந்ததும் லீவு. பூஜை போட்டு மறுபடி திறக்கும்போது ஆள் வரவில்லையென்றால் நின்றுவிட்டாள் என்று அர்த்தம். கடுதாசி கிடையாது, கணக்குத் தீர்ப்பதும் கிடையாது. கல்யாணமாகிப் போகிற பெண்கள்தான் அதிகமும் இப்படிப் போகிறவர்கள்.

என் நாத்தனார் மகள் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறாள். தையில் கல்யாணம், மாப்பிள்ளை திருப்பூர். "பத்திரிகை வைக்கும்போது வாயால சொல்லிட்டாப் போதாதா, அத்தை?" என்று கேட்டாள். அவள் அம்மாவோ, "முதலாளி தெரிஞ்சவரு, மதினி. எழுதிக் கொடுத்தாக் கோவிச்சுக்கிட மாட்டாரா?" என்கிறாள்.

கோபிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊர்க்காரர் காமராஜரே 1963-ல் முதலமைச்சர் பதவியை விட்டவர்தானே! ஆகஸ்டிலேயே திட்டம் ஊருக்கெல்லாம் தெரியும். அக்டோபர் 2-ம் தேதி அவர் இறங்கினார், அன்றே பக்தவத்சலம் பொறுப்பேற்றார். நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதில் முதலாளிக்கும் சௌகரியம் உண்டு.

நமக்கு என்ன லாபம் என்கிறீர்களா? பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி உண்டு. தானாக வேலையை விட்டாலும் உண்டு! இதுதான் நம்மில் பலருக்குத் தெரியாது. 1972-ல் வந்த சட்டம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதன் இடத்தில் வந்திருக்கிறது; இவளைப் போன்ற நிரந்தர வேலைக்காரர்களுக்கு ஐந்து வருஷக் கணக்கு அப்படியேதான். இவளுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. ஆறு வருஷத்துக்கு 45,000 ரூபாய்! நாத்தனார் வாயடைத்துப் போனாள். கடுதாசி இல்லாமல் நின்றால் கடைசி நாள் எது, இடையில் எத்தனை நாள் வரவில்லை என்று பின்னால் வழக்காடிக்கொண்டிருக்க வேண்டும்.

கடுதாசி பெரிய வித்தை இல்லை. தேதி, முதலாளி பெயர், உங்கள் வேலை, சேர்ந்த நாள். பிறகு, "சொந்தக் காரணத்தால் இன்ன தேதியோடு வேலையிலிருந்து விலகுகிறேன். எனக்குச் சேர வேண்டிய சம்பளம், போனஸ், பணிக்கொடை ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தரவும், அனுபவச் சான்றிதழ் வழங்கவும் வேண்டுகிறேன்." அவ்வளவுதான். மேஸ்திரி திட்டினார், கணக்குப்பிள்ளை முறைத்தார் என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். (ரிஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பரில் இதோடு சேர்ந்துவிட்டது.) ஒப்படைத்த அசல் மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

எத்தனை நாள் முன்னால்? வேலை உத்தரவில் பாருங்கள். மாதச் சம்பளமென்றால் ஒரு மாதம் என்பது பொதுவான வழக்கம். ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி வரை அச்சகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் இவளைக் கார்த்திகை பிறந்ததுமே கொடுக்கச் சொன்னேன். புதுப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கவும் அவகாசம் இருக்கும்.

விலகினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்கிறது புது ஊதியத் தொகுப்பு. போனஸ் சட்டம் பொருந்துகிற இடத்தில், அந்த வருஷம் 30 நாள் வேலை பார்த்திருந்தால் அந்தப் பங்கும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் நின்றாலும்தான். பி.எஃப். பணத்தைக் கல்யாணச் செலவுக்கு உருவிவிடாதீர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்தால் அதே யு.ஏ.என். நம்பரில் தொடரலாம். பத்து வருஷம் சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன்.

ஆலையில் முன்பணம் வாங்கியவர்களுக்குத்தான் பயம் அதிகம். "அட்வான்ஸ் இருக்கு, போகக் கூடாது" என்பார்கள். கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம்.

பிரசவத்துக்காக நிற்கப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு, 2017 முதல். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அதன் வழியாகப் பணம் வரும், சந்தாக் கணக்கு மட்டும் வேறு. அந்தக் கடுதாசியில் ‘விலகுகிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள், ‘பிரசவ விடுப்பு வேண்டும்’ என்று எழுதுங்கள்.